கேலரிக்கு ஒரு பக்க விதி

போன ஆண்டு ஒரு மதியம் பி.டி. சார் என் மேசைக்கு அருகே வந்து நின்றபோதே ஏதோ வேலை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் போட்டி எங்கள் கல்லூரியில் நடக்கவிருந்தது. பார்வையாளர்களுக்கான நடத்தை விதிகளை நான் எழுதித் தர வேண்டுமாம். ஒரே ஒரு பக்கம்.

"ரெண்டு பக்கம்னா யாரும் படிக்க மாட்டாங்க. ஒரு பக்கம்னாலும் படிக்க மாட்டாங்க. ஆனா ஒட்டுறதுக்கு வசதி" என்றார்.

"இதுக்கு ஏன் சார் நான்?"

"உங்களைப் பார்த்தா கேலரில உட்கார்ந்து கத்துற ஆள் மாதிரி தெரியல. அதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னால் என் கல்லூரி கேலரியின் முதல் வரிசையில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கத்தியவன் நான். ஒரு விளையாட்டும் ஆடத் தெரியாது. அதற்குப் பதிலாகக் குரல் இருந்தது. எங்கள் அணி எங்கே ஆடினாலும் என்னை முன்னால் உட்கார வைப்பார்கள். கோஷத்தை நான் எடுத்துக்கொடுத்தால் பின்னால் இருநூறு பேர் வாங்கிக்கொள்வார்கள். அந்த வயதில் அது சாதாரண போதை இல்லை.

அந்த நாட்களில் ஒரு இறுதிப் போட்டி. எதிரணியில் ஒரு பையன் பிரமாதமாக சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தான். விசில் அடித்த பிறகு சர்வீஸ் போட எட்டு விநாடி உண்டு. அவன் அந்த எட்டு விநாடிக்குள் பந்தைச் சரியாக நான்கு முறை தரையில் தட்டுவான், அப்புறம் தூக்கி அடிப்பான். மூன்றாவது சர்வீஸில் நான் அதைக் கவனித்துவிட்டேன். நான்காவதில் கேலரியே சேர்ந்து எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவன் சிரித்தான். அடுத்த முறை வேண்டுமென்றே ஐந்து தட்டினான். பந்து நெட்டில் போய் விழுந்தது. அவனும் தலையை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். இன்றைக்கு யோசித்தாலும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அது அவனுக்கும் எங்களுக்கும் நடந்த ஒரு சின்ன ஆட்டம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் சுதாரித்துக்கொண்டு மறுபடியும் பாயிண்ட் எடுக்க ஆரம்பித்தான். எதிரணி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவனுடைய அப்பா என்று யாரோ சொன்னார்கள். காதில் கருவி மாட்டியிருந்தார். எங்கள் அணி நன்றாக ஆடினாலும் கைதட்டுகிற ஆள் அவர். நான்தான் ஆரம்பித்தேன், "சத்தமா கைதட்டுங்கடா, அப்பாவுக்குக் கேக்கலையாம்." இருநூறு பேர் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பையன் பந்தைத் தட்டும் ஒவ்வொரு முறையும் "அப்பாவுக்குக் கேக்கலை, அப்பாவுக்குக் கேக்கலை." அவன் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவன் சர்வீஸ் ஒன்றுகூட உள்ளே விழுந்ததாக ஞாபகம் இல்லை. நாங்கள் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் எங்கள் கேப்டனுக்குக் கைகொடுத்துவிட்டு, கேலரிப் பக்கம் நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "நல்லா சத்தம் போட்டீங்க தம்பி. எனக்கே கேட்டுச்சு" என்றார். முகத்தில் கோபம் இல்லை. குத்திக் காட்டினாரா, மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்படிப்பட்டவன் கையில்தான் விதி எழுதும் வேலை வந்து சேர்ந்தது.

முதல் வரைவை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். "பார்வையாளர்கள் கண்ணியம் காக்க வேண்டும். விளையாட்டு உணர்வுடன் நடந்துகொள்ள வேண்டும். அநாகரிகமான சொற்களைத் தவிர்க்க வேண்டும்." எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அன்றைக்கு அந்த முதல் வரிசையில் இந்தத் தாளை என் கையில் கொடுத்திருந்தால், முழுசாகப் படித்துவிட்டு, ஆமாம் சரிதான் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதையேதான் கத்தியிருப்பேன். நாங்கள் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லையே. காது கேட்காது என்பது அநாகரிகமான சொல் இல்லையே. கண்ணியத்தை மீறுகிற யாரும் தான் மீறுவதாக நினைப்பதில்லை.

மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடினால் அமெரிக்காதான் கிடைக்கும். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது மாபெரும் சமாச்சாரம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானம் ஒன்றிலேயே 1,07,601 பேர் உட்காரலாம். அத்தனை பேரை ஒரே இடத்தில் அடைத்துவைத்தால் எதற்கும் ஒரு விதி எழுதித்தான் ஆக வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 1906-இல் தொடங்கிய அமைப்பு. அதன் கூடைப்பந்து விதிகளில் பார்வையாளர்களுக்கென்றே சில சங்கதிகள் உண்டு. உள்ளரங்கில் ஏர் ஹாரன் போன்ற செயற்கைச் சத்தக் கருவிகள் கூடாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேண்டு வாசிக்கக் கூடாது. தொண்டையால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளலாம். இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தொண்டைக்கு ஒரு அளவு இருக்கிறது, அது களைத்துப்போகும். ஹாரனுக்குக் களைப்பு கிடையாது.

கூட்டம் கோர்ட்டுக்குள் எதையாவது வீசி ஆட்டத்தை நிறுத்தினால், ரெஃப்ரி அந்தக் கூட்டத்தின் அணிமீதே டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கலாம். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு, கிடைக்கும். வீசினவன் யாரோ, பாயிண்டை இழப்பவன் வியர்த்துக்கொட்ட ஓடிக்கொண்டிருக்கிற வேறு யாரோ. முதலில் அநியாயமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால் ரெஃப்ரிக்கு வேறு வழியும் இல்லை. அவருடைய விசில் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். கேலரியில் இருப்பவனைத் தொட வேண்டுமானால், அவன் எதை நேசிக்கிறானோ அதைத் தொட்டாக வேண்டும்.

பாயிண்டைத் தொட முடியாத இடத்தில் பணத்தைத் தொடுகிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்பின் அபராத வரலாற்றைப் படித்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்வது அங்கே ஒரு பெரிய வழக்கம், பெரிய பிரச்சினையும்கூட. 2023-இல் அபராதத்தை உயர்த்தினார்கள்: முதல் முறை ஒரு லட்சம் டாலர், இரண்டாம் முறை இரண்டரை லட்சம், அதற்கு மேல் ஐந்து லட்சம். கூட்டமைப்புக்குள் நடக்கும் ஆட்டமென்றால் அந்தப் பணம் தோற்ற எதிரணிக் கல்லூரிக்கே போகும் என்றும் வைத்தார்கள். 2025-இல் அதையும் மாற்றி, எடுத்த எடுப்பிலேயே ஐந்து லட்சம் டாலர் என்றாக்கிவிட்டார்கள்.

கட்டுப்பட்டார்களா? 2022 அக்டோபரில், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், டென்னஸி அணி அலபாமாவை 52–49 என்று வென்றது. ரசிகர்கள் உள்ளே பாய்ந்து கோல்போஸ்டைப் பிடுங்கி, தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். ஒரு லட்சம் டாலர் அபராதம். பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? புதுக் கோல்போஸ்டு வாங்க ரசிகர்களிடமே நன்கொடை கேட்டது. கிடைத்தது. 2024-இல் வாண்டர்பில்ட் அதே அலபாமாவைத் தோற்கடித்தபோது, அந்த ஊர்க் கூட்டமும் கோல்போஸ்டைத் தெருத்தெருவாகச் சுமந்துபோய் ஆற்றில் தள்ளியது. அபராதம் என்பது ஒரு கட்டத்துக்கு மேல் டிக்கெட் விலைபோல ஆகிவிடுகிறது. கொடுத்தால் ஆடிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு இரண்டு மனது இருக்கிறது. கோல்போஸ்டு சுமந்த வீடியோக்களைப் பார்க்கும்போது, நானும் அங்கே ஒரு தோள் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியதை மறைக்கப்போவதில்லை. ஆனால் 1993-இல் விஸ்கான்சின் அணி மிச்சிகனை வென்ற அன்று, உள்ளே பாய முயன்ற மாணவர்கள் வேலியில் நசுங்கி 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அப்போதுதான் ஆடி முடித்திருந்த வீரர்களே ஓடிவந்து ஆட்களை இழுத்து வெளியே போட்டார்கள். 1983-இல் ஹார்வர்டு–யேல் ஆட்டத்துக்குப் பிறகு பிடுங்கப்பட்ட கோல்போஸ்டு தலையில் விழுந்து ஒரு மாணவி உயிருக்குப் போராடினார். 2024 ஜனவரியில் அயோவாவின் கூடைப்பந்து வீராங்கனை கேட்லின் கிளார்க், தோற்ற களைப்போடு வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஓடிவந்த ரசிகை ஒருவர் மோதியதில் கீழே விழுந்தார். அடுத்த மாதமே டியூக் அணியின் கைல் ஃபிலிபோவ்ஸ்கிக்கு வேக் ஃபாரஸ்ட் ரசிகர்களின் பாய்ச்சலில் முழங்காலில் அடி. சக வீரர்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். பாய்கிறவன் எல்லாரும் சந்தோஷத்தில்தான் பாய்கிறான். தோற்றவன் எந்தப் பக்கம் போகிறான் என்று சந்தோஷத்துக்குக் கண் தெரிவதில்லை.

கோபத்தில் வீசுவது வேறு கதை. 2021-இல் டென்னஸிக்கும் ஓல் மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு தீர்ப்பு பிடிக்காமல் ரசிகர்கள் பாட்டில் வீச ஆரம்பித்தார்கள். ஓல் மிஸ்ஸின் அப்போதைய பயிற்சியாளர் லேன் கிஃபின் 2009-இல் டென்னஸியில் ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு விட்டுப்போனவர். அந்தப் பழைய கணக்கும் சேர்ந்துகொண்டது. அவர்மேல் கோல்ஃப் பந்து ஒன்று வந்து விழுந்தது. மைதானத்தில் கடுகுச் சட்னி பாட்டில்கூடக் கிடந்தது. கால்பந்து பார்க்க வருகிறவன் பையில் கோல்ஃப் பந்து எதற்கு என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ஆட்டம் 20 நிமிடம் போல நின்றது. அபராதம் இரண்டரை லட்சம் டாலர்.

அதைவிட என்னை உட்காரவைத்துவிட்ட சம்பவம் 2024 அக்டோபர் 19-இல் நடந்தது. ஆஸ்டினில் டெக்சஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஆட்டம். டெக்சஸ் வீரர் ஒருவர் எதிரணியின் பாஸை இடைமறித்துப் பிடித்து ஓடினார். ரெஃப்ரி ஃபவுல் கொடி போட்டு அதைச் செல்லாததாக்கினார். மாணவர் கேலரியிலிருந்து பாட்டில் மழை. ஆட்டம் நின்றது. மைதானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில் ரெஃப்ரிகள் கூடிப் பேசி, கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதலில் கொடுத்த தீர்ப்பு தவறு என்பதுதான் பலருடைய கருத்து. அதாவது கடைசியில் வந்தது சரியான தீர்ப்பு. ஆனால் அது வந்த நேரம் இருக்கிறதே, பாட்டில் விழுந்த பிறகு வந்துவிட்டது. ஆட்டத்தை ஜார்ஜியா 30–15 என்று வென்ற பிறகும் அதன் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் இதை விடவில்லை. குப்பையை வீசினால் தீர்ப்பு மாறும் என்று ஒரு முன்னுதாரணம் ஏற்பட்டுவிட்டதே என்று கேட்டார். டெக்சஸுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. வீசியவர்களை வீடியோ பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் உத்தரவு.

கூட்டத்துக்கு எது சொல்லிக்கொடுக்கிறதோ அதைத்தான் கூட்டம் கற்றுக்கொள்ளும். நாங்கள் அன்று கத்தினோம், அந்தப் பையனின் சர்வீஸ் வெளியே போனது, கோப்பை கிடைத்தது. எங்களுக்கு வேறு என்ன பாடம் வேண்டும்?

இதையெல்லாம் பி.டி. சாரிடம் சொன்னேன். அவர் பாட்டில், அபராதம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நம்ம கேலரில நூத்தம்பது பேரு. எவன் எவன்னு எனக்கே தெரியும். வீசுனா காதைத் திருகி வெளியே விட்டுடுவேன். வாயைத்தான் சார் என்னால பிடிக்க முடியாது" என்றார்.

உண்மைதான். வீசுவதற்கு விதி எழுதுவது சுலபம். பேசுவதற்கு எழுதுவதுதான் கஷ்டம்.

கூட்டம் எதிராளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதிவிட்டால் என்ன? எழுதலாம். அப்புறம் கேலரி எதற்கு? டென்னிஸில் சர்வீஸின்போது மூச்சுக்கூட விடக் கூடாது என்பார்கள். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ போடுகிறவனுக்கு எதிரே கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் ஆயிரம் கைகள் ஆடும். யாரும் தப்பென்று சொல்வதில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013-இலிருந்து இதையே ஒரு கலையாக்கிவிட்டார்கள். கூடைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை. எதிரணி வீரர் ஃப்ரீ த்ரோ போடும் நொடியில் திரை விலகும். உள்ளே ஏதாவது ஒரு கூத்து நடந்துகொண்டிருக்கும். 2016 ஜனவரியில் திரை விலகியபோது உள்ளே நின்றவர், அப்போதே 18 ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ். நீச்சல் உடையும் கழுத்து நிறையப் பதக்கமுமாகக் குதித்துக்கொண்டிருந்தார். ஃப்ரீ த்ரோ போட்டவர் இரண்டையும் தவறவிட்டார். வீட்டுக்குப் போய் அந்தப் பையன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வான்.

அமைதியாக இருந்தும் மிரட்டலாம். இண்டியானாவில் டெய்லர் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் பரீட்சைக்கு முன்னால் வரும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில், அந்தக் கல்லூரி அணி பத்தாவது புள்ளியை எடுக்கும்வரை கேலரியில் ஒரு சத்தம் இருக்காது. நிரம்பி வழியும் அரங்கில் பந்து தட்டும் ஓசையும் ஷூ கிறீச்சிடுவதும் மட்டும் கேட்கும். பத்தாவது புள்ளி விழுந்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போகும். எதிரணிக்கு அந்த நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

இப்படிப் படித்துக்கொண்டே போனபோதுதான் ஒரு கடிதம் கண்ணில் பட்டது.

1984 ஜனவரி. டியூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ரசிகர்கள் அப்போதே நாடறிந்த வாயாடிகள். மேரிலேண்ட் அணியோடு நடந்த ஒரு ஆட்டத்தில் எல்லை தாண்டிவிட்டார்கள். எதிரணி வீரர் ஒருவர்மேல் அப்போது ஒரு பாலியல் புகார் பேச்சு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அவர் அறிமுகமானபோது பெண்களின் உள்ளாடைகளையும் இன்னும் எழுதக் கூசுகிற பொருட்களையும் கோர்ட்டுக்குள் வீசினார்கள். கெட்ட வார்த்தைகள் கோஷங்களாயின. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு. வட கரோலினாவின் ஆளுநராக இருந்தவர், அதிகாரம் என்றால் என்னவென்று தெரிந்தவர். அவர் விசாரணைக் கமிஷன் போடவில்லை, அடையாள அட்டையைப் பிடுங்கவில்லை. மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தலைப்பே 'ஒரு மாமாவின் கடிதம்' என்கிற தொனியில். நான் கண்டிக்க வரவில்லை, நீங்களே உங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள் என்கிற தோரணை. நம்மை எல்லாரும் முட்டாள்கள் என்று நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று உள்ளே ஒரு வரி. கடைசியில் 'டெர்ரி மாமா' என்று கையெழுத்து.

அடுத்து அங்கே ஆட வந்தது பரம எதிரியான வட கரோலினா. மைக்கேல் ஜோர்டன் ஆடிக்கொண்டிருந்த அணி, அன்றைக்கு நாட்டிலேயே முதலிடம். டியூக் மாணவர்கள் தலைக்கு மேல் தேவதைகளைப் போல ஒளிவட்டம் செய்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். அன்பான வரவேற்பு என்று எழுதிப் பிடித்தார்கள். ரெஃப்ரி பிடிக்காத தீர்ப்பு கொடுத்தால் முன்பெல்லாம் கெட்ட வார்த்தை பறக்கும். அன்றைக்கு அரங்கமே ஒரே குரலில், "மன்னிக்கவும், எங்கள் கருத்து வேறு" என்ற பொருளில் கோஷமிட்டது. ஆட்டத்தில் டியூக் தோற்றது. ஆனால் அந்த ஒரு கோஷத்தைத்தான் நாற்பது வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் அதற்கப்புறம் புத்தர்களாகிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அடுத்த வருடங்களிலும் எதிரணிகள் அவர்களைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. மாறியது ஒன்று. கூட்டத்துக்குள்ளேயே ஒரு அளவுகோல் வந்தது. யார் அதிகமாகத் திட்டுவது என்ற போட்டி, யார் அதிகமாகச் சிரிக்க வைப்பது என்ற போட்டியானது. முட்டாள் என்று சொன்னால் பத்தொன்பது வயதுக்குச் சுடும். அநாகரிகம் என்று சொன்னால் சுடாது, பெருமையாகக்கூட இருக்கும். அந்த மாமாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு பேச்சு வரும். இப்போது அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குப் பணம் வருகிறது. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். சம்பளம் வாங்குகிறவன் திட்டும் வாங்கித்தானே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது புரியவே இல்லை. நானும்தான் சம்பளம் வாங்குகிறேன். வகுப்பில் யாராவது எழுந்து என் அப்பாவைப் பற்றிப் பேசினால், மாசம் பொறந்தா வாங்கறியே என்று விட்டுவிட முடியுமா?

இன்னொரு புதுத் தலைவலி, கேலரியில் உட்காராத கேலரி. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று விளையாட்டுச் சூதாட்டத்துக்கு மாநிலங்களில் வழி திறந்துவிட்டது. இப்போது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால், அதில் பணம் கட்டிய எவனோ எங்கிருந்தோ அவள் ஃபோனுக்கு மிரட்டல் அனுப்புகிறான். தனிப்பட்ட வீரர்களின் புள்ளிக்கணக்குமேல் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் காலத்தில் கத்தினவன் குறைந்தபட்சம் எதிரே உட்கார்ந்திருந்தான். அந்தப் பெரியவர் நேராக என்னிடம் நடந்து வர முடிந்தது. ஃபோனில் வந்தவனிடம் யார் நடந்து போவது?

சரி, என் தாளுக்கு வருகிறேன்.

இரண்டாம் வரைவில் கண்ணியத்தை எடுத்துவிட்டேன். உணர்வையும் எடுத்துவிட்டேன். என்ன செய்யலாம் என்பதிலிருந்து தொடங்கினேன். கத்தலாம், எண்ணலாம், பாடலாம், டிரம் அடிக்கலாம், ஆனால் சர்வீஸ் விசில் அடித்த பிறகு டிரம் நிற்க வேண்டும். ஆட்டத்தில் நடப்பதைப் பற்றி எதையும் சொல்லலாம்: சர்வீஸ், ஸ்மாஷ், விட்ட பந்து, பந்தைத் தட்டும் எண்ணிக்கை. ஆடுகிறவரின் உடம்பு, நிறம், சாதி, மதம், பேச்சு பற்றி ஒன்றும் கூடாது. மதத்தை எழுதியதற்கும் காரணம் இருந்தது. 2022-இல் ஒரேகான் மாணவர் கேலரி, பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களின் மதத்தை வைத்து வசை கோஷம் போட்டது. மறுநாள் ஒரேகான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. லைன் அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு மாணவர் என்று ஒரு வரி சேர்த்தேன். கோர்ட்டுக்குள் காலோ பொருளோ வந்தால் பாயிண்டு போகும் என்று ஒரு வரி. கடைசியாக, "ஆடுகிறவரின் வீட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது."

பி.டி. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரியில் பேனாவை வைத்தார்.

"இது எதுக்கு சார்? வீட்டாளுங்களை எல்லாம் யாரு பேசப்போறா?"

"பேசுவாங்க சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதை முதலில் படித்த மாணவி, மூன்றாம் ஆண்டு. எங்கள் கேலரியின் இப்போதைய குரல் அவள்தான் என்று பி.டி. சார்தான் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். படித்துவிட்டு, "நல்லாருக்கு சார். ஆனா சுவத்துல ஒட்டுனா யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள்.

"அப்புறம் என்ன பண்ணலாம்?"

"எங்கிட்ட குடுங்க. நான் பார்த்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. முதல் வரிசையில் இருக்கிறவருக்கு என்ன முடியும் என்பது எனக்குத் தெரியும்.

போட்டி நாளன்று நான் கேலரியின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் செட் 21–20. வந்திருந்த அணியின் பயிற்சியாளர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் எழுந்து கத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் திக்குவாய். எங்கள் பக்கத்தில் நடுவரிசையிலிருந்து ஒரு பையன் அவரைப் போலவே திக்கிக் காட்டினான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். அது எப்படிப் பரவும், எத்தனை விநாடியில் இருநூறு வாய்க்குப் போகும் என்று எனக்கு மனப்பாடம். முதல் வரிசையில் அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டிரம்காரனின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். டிரம் இடித்த இடியில் அந்தத் திக்கல் அமுங்கிப்போனது. அவள் வேறு ஒரு கோஷத்தை எடுத்துக்கொடுத்தாள், கூட்டம் வாங்கிக்கொண்டது. அந்தப் பையன் இன்னொரு முறை முயன்றான். பக்கத்தில் இருந்தவன், "டேய், மொக்கையா இருக்குடா" என்றான். அவ்வளவுதான்.

விசில் அடித்தது. டிரம் நின்றது. எதிரணிப் பையன் சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தைத் தட்டினான். அவள் கையை உயர்த்தினாள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

அவன் பந்தைப் பிடித்துக்கொண்டு கேலரியைப் பார்த்தான். இன்னும் நான்கு விநாடி இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை தட்டினான், அப்புறம் இன்னொரு முறை. எண்ணுகிற குரல்களில் என்னுடையதும் இருந்தது எனக்கே தாமதமாகத்தான் கேட்டது. பந்து நெட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் தாண்டி, எங்கள் பக்கக் கோட்டின்மேல் விழுந்தது. லைன் அம்பயர் கொடியைக் கீழே காட்டினான். பாயிண்டு அவர்களுக்கு.

பயிற்சியாளருக்கு அருகே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கைதட்டினார். நானும் தட்டினேன். பி.டி. சார் கீழே இருந்து திரும்பி என்னை முறைத்தார்.